முன்சீட்டு மணி

— மெதுவா, மெதுவா... இந்த எடது முட்டிய உள்ள மடக்கி வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுது. காலையிலேர்ந்து முட்டை குடுக்க எத்தனை கடை ஏறி எறங்கினேன்னு முட்டிக்குத்தான் தெரியும். நீங்க கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க மாப்பிள்ளை, அந்தப் பக்கம் போய் உக்காருங்க.

— சீட்ட கொஞ்சம் பின்னாடி தள்ளவா அத்தை? கீழ பட்டன் இருக்கு.

— தள்ளாதீங்க. ஸ்டியரிங் நெஞ்சுக்குப் பக்கத்துல இருந்தாதான் எனக்குத் தைரியம்.

— அது வந்து அத்தை... வண்டி எதுலயாவது இடிச்சா ஸ்டியரிங்லேர்ந்து காத்துப் பலூன் வெடிச்சு வரும், ரொம்பப் பக்கத்துல இருந்தா நெஞ்சுல அறைஞ்சிடும்.

— காப்பாத்த வர்றதே அறையும்னா என்ன எழவு காப்பு அது? சரி, தள்ளுங்க. போதும், போதும்! பின்சீட்டுக்கே அனுப்பிடுவீங்க போலிருக்கு.

— இதுல கிளட்ச் கெடையாது. எடது கால சும்மா வச்சுக்கலாம். உங்க முட்டிக்கு இந்த மாதிரி வண்டி இருந்தா...

— எனக்கு வண்டி விக்க வந்தீங்களா? பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக வந்தீங்க. நான் ஓட்டிப் பார்த்து சரின்னு சொன்னாதான் என் பொண்ணு இதுல ஏறுவா. அதானே பேச்சு?

— அதான் அத்தை.

— அதுகூட நானா சொன்னதுதான். அவ வாயே தொறக்கல. கையில கட்டோட இங்க கூட்டிட்டு வந்த நாள்லேர்ந்து உங்களப் பத்தி நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல. நேத்து கட்டுப் பிரிச்சாங்க. இன்னைக்குத் துணியெல்லாம் பையில எடுத்து வச்சுட்டு, "நீ போய் ஓட்டிப் பாரும்மா, வந்து சொல்லு"ங்கிறா.

— பையில எடுத்து வச்சுட்டாளா?

— அதுக்குள்ள பல்லக் காட்டாதீங்க. கட்டின பையப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சாவி எங்க?

— என் பாக்கெட்ல இருக்கு. அது வெளிய வரவேணாம். பிரேக்க மிதிச்சுக்கிட்டு அந்தப் பட்டன அமுக்குங்க.

— ஃபேன் சுவிட்ச் மாதிரியா? ...என்ன, ஓடுதா?

— ஓடுது அத்தை.

— எஞ்சின் ஓடுறத எஞ்சின்தான் சொல்லணும். பக்கத்துல உக்காந்து மாப்பிள்ளை சொல்லக்கூடாது. பெல்ட் போட்டுட்டீங்களா? நீங்க போட்டிருப்பீங்க. லாரியில மோதின அன்னைக்கும் நீங்க போட்டிருந்தீங்க.

— போட்டிருந்தேன் அத்தை.

— முதுகுக்குப் பின்னாடி பேசற பழக்கம் எனக்கு இல்ல, பார்த்த எல்லார்கிட்டயும் சொன்னேன், உங்ககிட்டயும் சொல்றேன். தன்ன இறுக்கிக் கட்டிக்கிட்டு பொண்டாட்டிய அப்படியே விட்ட மனுஷன் நீங்க. மழை, சரி. லாரி பின்விளக்கு இல்லாம நின்னுச்சு, சரி. அது யாருக்கும் வரும், எனக்கும் வரும். பக்கத்துல இருக்கிறவ பெல்ட் போட்டாளான்னு திரும்பி ஒரு பார்வை, அது வரலையே உங்களுக்கு. உங்க மார்ல ஒரு கோடு விழுந்துச்சு. அவளுக்கு நெத்தி பொளந்து, மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு.

— பார்த்திருக்கணும் அத்தை. தப்புதான்.

— தப்புதான், தப்புதான். எப்பக் கேட்டாலும் இதே பாட்டு. எப்படி நடந்துச்சுன்னு கேட்டா பதில் கெடையாது. சரி, பின்னாடி யாரும் வரலையே?

— கண்ணாடியில... இல்ல, அந்தப் பெரிய திரையில பாருங்க. பின்னாடி கேமரா இருக்கு.

— நான் கழுத்தத் திருப்பித்தான் பார்ப்பேன். கழுத்துக்கு வலி இன்னும் வரல. ...அம்மாடி, முன்கண்ணாடி ஓரத்துல இந்தத் தூண் ஏன் இவ்வளவு தடியா இருக்கு? ஒரு சைக்கிள்காரன் முழுசா அது பின்னாடி மறைஞ்சு போயிட்டான்.

— வண்டி கவுந்தா கூரை நசுங்கக்கூடாதுன்னு தடியா வைக்கிறாங்க.

— நான் கவுந்தா பொழைக்கிறதுக்கு சைக்கிள்காரன் சாகணும். நல்லா இருக்கு கணக்கு.

— அதுவும் சரிதான். திருப்பத்துல கொஞ்சம் முன்னாடி சாஞ்சு பார்க்கணும். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

— தகரம் எப்படி? நீங்க வெல்டர், உங்களுக்குத் தெரியும். வாசல்ல நிக்கும்போது கட்டைவிரலால அமுக்கினேன், உள்ள போய்ட்டு வெளிய வருது. என் முட்டை வண்டிய எட்டி உதைங்க, உங்க கால்தான் வீங்கும்.

— முன்பக்கம் அப்படி மெத்துன்னுதான் இருக்கணும் அத்தை. இடிக்கும்போது அது மடங்கி மடங்கி அடிய வாங்கிக்கும். உக்கார்ற கூண்டு மட்டும் மடங்காது. உங்க வண்டி மடங்காது, உண்மைதான். ஆனா அந்த அடி எங்க போகும்? உங்க நெஞ்சுக்குத்தான்.

— பத்தொம்பது வருஷமா அது என் நெஞ்சுல அடிச்சதில்ல.

— இடிச்சதில்லையே நீங்க.

— அதத்தான் சொல்றேன்! ஓட்டுறவங்க கையில இருக்கு எல்லாம். பொழுது விடியறதுக்குள்ள நூறு அட்டை முட்டைய ஏத்திக்கிட்டுப் போறவ நான். ஒரு அட்டைக்கு முப்பது. பிரேக்க எப்படித் தொடணும்னு எனக்கு இன்னொருத்தன் நட்சத்திரம் போட்டுச் சொல்லணுமா? பாதுகாப்புக்கு இதுக்கு எத்தனை நட்சத்திரம்னீங்க?

— அஞ்சு.

— யார் குடுத்தது?

— செவுத்துல மோதவிட்டுப் பார்ப்பாங்க. உள்ள பொம்மைய உக்கார வச்சு.

— பொம்மைக்கு மாமியார் இல்ல, அதான் அஞ்சு. என்கிட்ட வந்திருந்தா... ஐயய்யோ! என்ன ஆச்சு? செத்துப் போச்சு! சிக்னல்ல நின்னதும் அணைஞ்சு போச்சு மாப்பிள்ளை! பின்னாடிக்காரன் ஹாரன் அடிப்பானே!

— பயப்படாதீங்க. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறதுக்கு அதுவே அணைஞ்சுக்கும். பச்சை விழுந்ததும் பிரேக்லேர்ந்து கால எடுங்க, எழுந்துக்கும்.

— எழுந்துக்கலன்னா?

— எழுந்துக்கும் அத்தை.

— ...எழுந்துருச்சு. பட்டறையில இப்படி ஒருத்தன் இருப்பானே, மேஸ்திரி தலை மறைஞ்சதும் தூங்கி, செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்திருக்கிறவன். சரி, லிட்டருக்கு எவ்வளவு போகுது?

— இருபத்திரெண்டுன்னு சொன்னாங்க.

— வேலைக்கு எடுக்கும்போது மொதலாளி சொல்ற சம்பளம் அது. கைக்கு வர்றது எவ்வளவு?

— பதினாறு. மெதுவா போனா பதினேழு.

— அப்படி உண்மையச் சொல்லுங்க. இந்தா, எறக்கம் வருது. இந்த கியர் கம்பிய நடுவுல தள்ளிட்டா சும்மாவே உருண்டு போயிடும், சொட்டு எண்ணெய் செலவில்ல. நான் தெனமும் இந்த மேட்டுல அப்படித்தான் எறங்குறேன்.

— தள்ளாதீங்க அத்தை. உங்க பழைய வண்டிக்கு சரி. இதுல அப்படியே விட்டு கால மட்டும் எடுத்தீங்கன்னா எண்ணெய் சுத்தமா நின்னுடும். நடுவுல தள்ளினாதான் எஞ்சின் அணையாம இருக்க கொஞ்சம் குடிக்கும். வண்டியும் பிடி இல்லாம ஓடும்.

— யார் சொன்னது?

— எண்ணெய் செலவு காட்டுற அந்த முள்ளப் பாருங்க. கால எடுங்க... பார்த்தீங்களா?

— ...ம். முள் சொல்லுது. முள்ள செஞ்சவனும் வண்டிய செஞ்சவனும் ஒரே ஆள்தானே. ஆனா எறங்குறது அடக்கமா எறங்குது, அத ஒத்துக்கிறேன். முட்டியும் சும்மா இருக்கு. பாவம், எடது காலு கிளட்ச்சத் தேடிக்கிட்டே இருக்கு.

— ரெண்டு நாள்ல மறந்துடும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. விசிறிய கூட்டட்டுமா? வேர்க்குதே உங்களுக்கு.

— கூட்டுங்க. ...என்ன, இன்னும் தடவிக்கிட்டே இருக்கீங்க?

— திரையில ரெண்டு பக்கம் உள்ள போகணும் அத்தை.

— ரோட்டுலேர்ந்து கண்ண எடுக்காதேன்னு ஒரு பக்கம் மணி அடிக்கிறான். இன்னொரு பக்கம் விசிறி திருகுறதுக்குக் கண்ண எடுக்க வைக்கிறான். என் வண்டியில ஒரு குமிழ் இருக்கு, இருட்டுலயும் கை போகும். இந்தத் திரைக்கு அஞ்சு நட்சத்திரம் குடுத்தவனக் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்.

— இதுல உங்க கட்சிதான் நான். எனக்கும் பிடிக்கல.

— முட்டைக் கிடங்கு வந்துருச்சு. ஓரம் கட்டுறேன். எங்க வீட்டுப் பக்கத்து கேன்டீன்காரன் அஞ்சு அட்டை கேட்டான். காலி வண்டிய ஓட்டினா எனக்குக் கை கூசும். உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. பின்சீட்டுல அஞ்சு அட்டையையும் அடுக்குறேன். கட்டமாட்டேன், பிடிக்கவும்கூடாது. வீடு போறதுக்குள்ள ஒரு முட்டை கீறினாலும் பைய நானே பிரிச்சுத் துணிய மடிச்சு அலமாரியில வச்சிடுவேன்.

— முட்டைய நம்பியா என் வாழ்க்கை இருக்கு?

— என் வாழ்க்கை அதுலதான் ஓடிச்சு. அவ அப்பா போன பிறகு அவள வளர்த்ததும் இந்த முட்டைதான். எறங்குங்க, தூக்க ஆள் வேணும்.

— எல்லாத்தையும் குடுங்க, நானே வைக்கிறேன். முட்டி வலிக்குதுன்னீங்களே.

— பார்த்து... சாயாம வைங்க. நடு சீட்டு வேணாம், எனக்குப் பின்னாடி. ம், அப்படி. ஏறுங்க, போலாம். ...இந்தப் பள்ளத்துல பாருங்க, எப்படி எறக்குறேன்னு. முட்டைக்குத் தூக்கம் கலையாது. ...என்ன அது? என்ன சத்தம்?

— பெல்ட் மணி. பின்சீட்டுல கனம் இருக்கில்ல, ஆள் உக்காந்திருக்குன்னு நெனச்சுக்குது.

— பின்னாடியுமா! நிறுத்துங்க அத.

— பெல்ட்ட இழுத்து மாட்டினா நின்னுடும்.

— பெல்ட் போட்டா அட்டை நசுங்கிடும். மொத அடுக்கு முட்டை அங்கேயே பொரியலாயிடும். முட்டைக்காரங்க யாரும் பெல்ட் போடமாட்டாங்க.

— அப்ப மடியில வச்சுக்கறேன். நிறுத்துங்க.

— எதுக்கு? இதுக்குத்தானே கிளிப் இருக்கு. பெல்ட் நுனியில இருக்கிற இரும்பு நாக்கு இருக்கில்ல, அத மட்டும் தனியா விப்பாங்க. பெல்ட் மாட்டுற பள்ளத்துல சொருகிட்டா பெல்ட் போட்டாச்சுன்னு வண்டி வாய மூடிக்கும். எங்க ஆளுங்க எல்லாரும் வச்சிருக்கோம், இடம் பத்தலன்னா முன்சீட்டுலயும் அடுக்குவோமே. எடுத்துட்டு வந்திருக்கணும். நாலு வச்சிருந்தேன், இப்ப மூணுதான் இருக்கு. ஒண்ணு எங்க விழுந்துச்சோ.

— நாலு வச்சிருந்தீங்களா?

— என்ன மாப்பிள்ளை, முகம் ஒரு மாதிரி போகுது? தலை சுத்துதா? இந்த ஏசி சிலருக்கு ஒத்துக்காது.

— ஓரமா நிறுத்துங்க அத்தை.

— ஏன்? வாந்தி வருதா?

— இல்ல. நிறுத்துங்க. எஞ்சினையும் அணைச்சிடுங்க.

— ...சரி, நிறுத்திட்டேன். சொல்லுங்க.

— அந்த நாலாவது என்கிட்ட இருக்கு. பட்டறையில, என் டிராயர்ல.

— உங்ககிட்டயா? என் வண்டிப் பக்கம் நீங்க வர்றதே இல்லையே.

— நீங்க என் வண்டிக்கு வந்தீங்க. உங்க வண்டி கிளட்ச் வேலைக்கு நின்ன அன்னைக்குக் காலையில என் பழைய காரக் கேட்டு வாங்கிட்டுப் போனீங்க. பள்ளிக்கூட ஹாஸ்டலுக்கு முட்டை குடுக்கணும்னு. டிக்கி, பின்சீட்டு, முன்சீட்டு எல்லாத்துலயும் அடுக்கினீங்க.

— ஆமா. குடுத்துட்டு மதியம் கழுவிக் கொண்டாந்து விட்டேனே. ஒரு மஞ்சள் கறைகூட... மாப்பிள்ளை.

— ம்.

— அன்னைக்கா?

— அன்னைக்கு சாயந்திரம்தான் அத்தை. மழையில அவளக் கூட்டிட்டு வரப் போனேன். ஓடிவந்து ஏறினா, நனைஞ்சிருந்தா. வண்டி கெளம்பிச்சு, மணி அடிக்கல. எனக்கு மணி அடிக்கலன்னா பெல்ட் போட்டாச்சுன்னு அர்த்தம். எப்பவும் அப்படித்தான் விட்டுப் பழக்கம். திரும்பிப் பார்க்கல. அது என் தப்பு, அத நான் எப்பவும் ஒத்துக்கிறேன்.

— கிளிப்ப...

— மறுநாள் நொறுங்கின வண்டியப் பார்க்கப் போனப்ப முன்சீட்டுப் பள்ளத்துல அது அப்படியே இருந்துச்சு. பிடுங்கி எடுத்துட்டு வந்துட்டேன்.

— கழுவும்போது சீட்டுக்கு மேல துணி போட்டுத் தொடைச்சேன். இடுக்குல பார்க்கல. அய்யோ, நான் இடுக்குல பார்க்கல.

— தண்ணி குடிங்க அத்தை.

— வேணாம். அவளுக்குத் தெரியுமா?

— தெரியாது. யாருக்கும் சொல்லல.

— ஏன் சொல்லல? ஆஸ்பத்திரி வராந்தாவுல நாலு பேருக்கு நடுவுல உங்கள நிக்க வச்சு நான் பேசின பேச்சுக்கு, அந்த இடத்துலயே சொல்லியிருக்கலாமே. என் வாய அடைச்சிருக்கலாமே!

— மொத நாள் எனக்கே தெரியாது. தெரிஞ்சப்ப நீங்க அவளுக்குச் சோறு பெசஞ்சு ஊட்டிக்கிட்டு இருந்தீங்க. தலை சீவி விடுறது, குளிப்பாட்டுறது எல்லாம் நீங்க. ஒரு கைய வச்சுக்கிட்டு இருக்கிறவளுக்கு அம்மா வேணும். என்மேல கோவம்னா நான் வெளியதான் இருக்கேன், தாங்கிக்கலாம். உங்கமேல கோவம் வந்தா அவ எங்க போவா?

— பெரிய மனசு.

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்குக் கோவம் வரலைன்னு நெனைக்காதீங்க. பட்டறையில சுத்தியலத் தூக்கும்போதெல்லாம் உங்களத்தான் நெனச்சேன். அந்த வாரம் அடிச்ச இரும்பு கேட்டெல்லாம் ரொம்ப உறுதியா இருக்கும்.

— சிரிக்க வைக்காதீங்க. எனக்கு இப்ப சிரிப்பு வந்தா அழுகை வந்துடும். ...உறவுக்காரங்க, கடைக்காரங்க, முட்டை எறக்குற பசங்க வரைக்கும் சொல்லிட்டேனே. அவனோட என் பொண்ண எப்படி அனுப்புவேன்னு.

— விடுங்க.

— விடுங்கன்னு சொல்லாதீங்க. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உங்கள இவ்வளவு பேசினேன். திருப்பி ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்... நிறுத்தியிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். வண்டிய எடுக்கிறேன்.

— நான் ஓட்டட்டுமா?

— வேணாம், ஓட்டிட்டு இருந்தாதான் எனக்கு மனசு நிக்கும். பின்னாடி போய் அந்த அட்டைகள மடியில வச்சுக்கோங்க. அந்த மணி இன்னொரு தடவ அடிச்சா என்னால தாங்க முடியாது.

— சரிங்க அத்தை. ...வச்சுக்கிட்டேன். போலாம்.

— பெல்ட்?

— போட்டுட்டேன். அட்டைக்குக் கீழ விட்டிருக்கேன், நசுங்காது.

— ...அவகிட்ட நானே சொல்லிடுறேன். வண்டி நின்னதும் மொத வார்த்தை அதான். என்ன சொல்றீங்க?

— உங்க இஷ்டம். சொல்லலன்னாலும் என் வாயிலேர்ந்து வராது.

— அப்படிச் சொல்லாதீங்க, அப்புறம் எனக்கு அதுவே வசதியாப் போயிடும். சொல்லிடுறேன். என்ன பண்ணிடுவா? ரெண்டு நாள் பேசமாட்டா. அவ அப்பா மாதிரி. அவர் பேசாம இருந்தா சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாது. அந்த மாதிரி ஆயிட்டா... வீட்டுல நானும் அந்த மூணு அறையும்தான். சரி, சொல்லிடுறேன்.

— தெரு வந்துருச்சு அத்தை. அந்த மேட்டுல மெதுவா.

— தெரியும். அதோ, வாசல்லயே நிக்கிறா. பை வேற கையில. கட்டுப் பிரிச்ச கையால தூக்குறா பாருங்க, சொன்னா கேட்டாத்தானே. ஏய், அந்தக் கையால தூக்காத!

— வலிக்கலம்மா. எப்படி இருக்கு வண்டி?

— வண்டியா? நல்லா இருக்கு. நல்லா பிடிக்குது பிரேக். லிட்டருக்குப் பதினாறுதான் வருதாம், அதுவும் உண்மையச் சொல்லிட்டாரு. தூண்தான் கொஞ்சம் தடி.

— அத்தை.

— இருங்க மாப்பிள்ளை. சிக்னல்ல தானா அணைஞ்சு தானா எழுந்துக்குது, நீ பயந்துடாத. எறக்கத்துல கம்பிய நடுவுல தள்ளக்கூடாதாம்.

— வேற ஒண்ணும் இல்லையாம்மா?

— வேற... முட்டை ஒண்ணுகூட ஒடையல. உன் புருஷன் மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாரு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். வெயில்ல நிக்காத. ஏறு.

— ஏறுறேன். என்னங்க, அந்த முட்டைய அம்மா கையில குடுத்துட்டு முன்னாடி வாங்க. இல்லம்மா, நீ முகத்த அந்தப் பக்கம் திருப்பாத. அழுதிருக்க. அவர் ஏதாச்சும் சொன்னாரா?

— என்னத்த சொல்றாரு? ஒண்ணும் சொல்லல. கண்ணுல தூசி.

— அன்னைக்கு மழையில பெல்ட்ட ரெண்டு தடவ குத்திப் பார்த்தேன், உள்ள போகல. விரல விட்டேன், உன் கிளிப் இருந்துச்சு. ஈரக் கை, பிடுங்க வரல. வீடு பக்கத்துலதானேன்னு நான் விட்டுட்டேன், அது என் முட்டாள்தனம். அவர்கிட்டயும் சொல்லல, சொன்னா அவரே உன்கிட்ட வந்து கேட்டிருப்பாரு. நீயா ஒரு நாள் நெனச்சுப் பார்த்துச் சொல்லுவியான்னுதான் இத்தன நாளும் இங்க இருந்தேன்.

— கண்ணு, எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். சத்தியமா இப்பத்தான்...

— நம்புறேன். ஆனா இப்ப தெரிஞ்சும் சொல்லல பாரு. நாங்க கெளம்புறோம். நீ எனக்கு ஒண்ணும் தரவேணாம்மா. நாலு பேருக்கு நடுவுல இவர நிக்க வச்சுத் திட்டின, அதே நாலு பேருக்கு நடுவுல இவர்கிட்ட நீ கேக்கவேண்டிய மன்னிப்பு ஒண்ணு பாக்கி.